நகல் என்று ஒதுக்காதீர்கள்

திரைப்படத்துக்காகச் செய்யப்பட்ட விண்கல மினியேச்சர்களை அச்சு அசலாகத் திரும்பச் செய்பவர்களைப் பற்றி ஒரு தீர்ப்பு வெகு காலமாகப் புழக்கத்தில் இருக்கிறது. அவர்களுக்குக் கைநேர்த்தி உண்டு, பொறுமை உண்டு, செலவழிக்கப் பணமும் உண்டு. கற்பனைதான் இல்லை என்பது அந்தத் தீர்ப்பு. எவரோ வடிவமைத்ததை, எவரோ ஒட்டியதை, மில்லிமீட்டர் பிசகாமல் மறுபடி ஒட்டுவதில் என்ன இருக்கிறது என்று கேட்கிறார்கள். சினிமா விமர்சகர்கள் கேட்கிறார்கள். ஓவியமும் சிற்பமும் பயின்றவர்கள் கேட்கிறார்கள். சொந்தமாகக் கலங்களை வடிவமைக்கும் மாடல் கலைஞர்களே கேட்கிறார்கள். சுயமாக ஒன்றைச் செய்யத் தெரியாதவர்கள் செய்கிற வேலை என்று இவர்கள் எல்லோரும் சேர்ந்து முத்திரை குத்திவிட்டார்கள்.

இந்தத் தீர்ப்பை நான் முழுமையாக மறுக்கிறேன். துல்லியமான பிரதி செய்வது ஓர் ஆராய்ச்சி. அதில் கிடைக்கும் அறிவு வேறு வழியில் கிடைப்பதில்லை. இருபதாம் நூற்றாண்டு சினிமாவின் பெரும் கைவினைகளில் ஒன்றைப் பற்றி இன்று நமக்குத் தெரிந்திருப்பதில் கணிசமான பங்கை ஸ்டுடியோக்கள் காப்பாற்றித் தரவில்லை. நகலெடுப்பவர்கள் என்று நாம் ஒதுக்கிவைத்தவர்கள்தான் தேடிக் கண்டுபிடித்துத் தந்தார்கள்.

எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். 1975-இல் ஜார்ஜ் லூகாஸ் தன் ‘ஸ்டார் வார்ஸ்’ படத்துக்காக, கலிஃபோர்னியாவின் வான் நைஸ் பகுதியில் ஒரு கிடங்கில் இண்டஸ்ட்ரியல் லைட் அண்ட் மேஜிக் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். ஜான் டைக்ஸ்ட்ரா தலைமையேற்றார். மாடல் பட்டறை கிராண்ட் மெக்யூன் பொறுப்பில் இருந்தது. கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் கைகொடுக்காத காலம் அது. திரையில் பறக்கும் கலங்கள் மேசைமேல் கையால் செய்யப்பட்டவை. அக்ரிலிக், ஸ்டைரீன் தகடுகளால் உடலைக் கட்டிவிட்டு, மேற்பரப்பை நிரப்புவதற்குக் கடையில் விற்கும் பிளாஸ்டிக் மாடல் கிட்டுகளை வாங்கிப் பிரித்தார்கள். டாமியாவின் ஜெர்மன் டாங்கி, ஹசெகாவாவின் லியோபோல்ட் ரயில் பீரங்கி, பந்தயக் கார், போர்க்கப்பல், ராக்கெட் என்று பலவும் துண்டு துண்டாகிக் கலத்தின் தோலாக மாறின. இப்படிச் செய்வதைத் தொழிலில் கிட்பேஷிங் என்பார்கள். ஒட்டப்படும் துண்டுக்கு கிரீப்ளி என்று பெயர். அந்தப் படத்தில் வரும் மில்லேனியம் ஃபால்கன் என்ற கலத்தின் மேல் இத்தகைய துண்டுகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. எந்தத் துண்டு எந்தக் கிட்டிலிருந்து வந்தது என்று அன்று யாரும் பதிவேடு எழுதி வைக்கவில்லை. படத்தை முடிக்க வேண்டிய அவசரத்தில் இருந்தவர்களுக்கு அதற்கு நேரமும் இல்லை.

முதல் குற்றச்சாட்டுக்கு வருவோம். நகலெடுக்க மூளை தேவையில்லை என்கிறார்கள். அசலை எதிரே வைத்துக்கொண்டு பார்த்துப் பார்த்துச் செய்கிறவருக்கு வேண்டுமானால் இது பொருந்தலாம். இந்தத் துறையில் அசல் எதிரே இருப்பதில்லை. சில சமயம் உலகத்திலேயே இருப்பதில்லை.

ஸ்டான்லி குப்ரிக்கின் ‘2001: எ ஸ்பேஸ் ஒடிஸி’ 1968-இல் வெளியானது. அதற்காகச் செய்த டிஸ்கவரி கலத்தின் பெரிய மாடல் 16 மீட்டருக்கு மேல் நீளம். படத்தின் மாடல்கள் பின்னாளில் வேறு படங்களில் தலைகாட்டிவிடக் கூடாது என்பதில் குப்ரிக் பிடிவாதமாக இருந்தார். பெரும்பாலானவை அழிக்கப்பட்டன. 1984-இல் அதன் தொடர்ச்சியாக ‘2010’ படத்தைப் பீட்டர் ஹயம்ஸ் எடுக்க முன்வந்தபோது டிஸ்கவரியும் இல்லை, அதைக் கட்டிய வரைபடங்களும் இல்லை. பழைய படத்தின் பிரேம்களைப் பெரிதாக்கிப் பார்த்து, அளவுகளைக் கணித்துக் கலத்தை மறுபடி கட்டினார்கள். ஹாலிவுட் பட்டறையில் சம்பளத்துக்குச் செய்தபோது இதைத் தொழில்நுட்பச் சாதனை என்று பாராட்டினோம். இதே வேலையை ஒருவர் தன் வீட்டு மேசையில் செய்தால் பொழுதுபோக்கு என்று பெயர் வைக்கிறோம். வேலை ஒன்றுதான், ஆளுக்கேற்ப மதிப்பு மாறுகிறது.

அந்த வேலை எப்படி நடக்கிறது என்று அருகில் போய்ப் பார்க்க வேண்டும். 1976-இல் பட்டறையில் எடுத்த ஒரு புகைப்படம் கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கறுப்பு வெள்ளை, கொஞ்சம் மங்கல். கலத்தின் பக்கவாட்டில் ஒரு துண்டு தெரிகிறது: பாதி வட்டம், அதன் விளிம்பில் மூன்று போல்ட் தலைகள், குறுக்கே ஒரு பட்டை. இது எந்தக் கிட்டின் எந்தத் துண்டு? பிரதி செய்பவர் எழுபதுகளில் கடையில் கிடைத்திருக்கக்கூடிய கிட்டுகளின் செய்முறைத் தாள்களைப் புரட்டுகிறார், துண்டுகள் கோத்திருக்கும் சட்டங்களின் படங்களை ஒவ்வொன்றாக ஒப்பிடுகிறார். மாதக்கணக்கில் ஓடலாம். ஒரு நாள் அந்தப் பாதி வட்டம் ஒரு டாங்கியின் சக்கரம் என்று பிடிபடுகிறது. மற்ற பாதியை ஒரு குழாய் மறைத்துக்கொண்டிருந்தது.

இது வெறும் அடையாளம் கண்ட மகிழ்ச்சி மட்டும் அல்ல. அந்தக் கணத்தில் புகைப்படத்துக்குள் ஓர் அளவுகோல் முளைத்துவிடுகிறது. கிட் என்பது தொழிற்சாலையில் வார்த்த பொருள். அதே துண்டை வாங்கி வெர்னியரில் வைத்து அளக்கலாம். சக்கரத்தின் விட்டம் 24 மில்லிமீட்டர் என்றும், படத்தில் அது 60 பிக்சல் என்றும் கொண்டால், அந்தத் தளத்தில் ஒரு பிக்சல் 0.4 மில்லிமீட்டர். பக்கத்திலுள்ள தகடு 450 பிக்சல் என்றால் அதன் அகலம் 180 மில்லிமீட்டர். ஆனால் கேமராவுக்கு அருகில் இருப்பது பெரிதாகவும் தள்ளி இருப்பது சிறிதாகவும் தெரியும். லென்ஸ் ஓரங்களை வளைத்துக் காட்டும். ஆகவே இன்னொரு தளத்தில் இன்னொரு துண்டை அடையாளம் காண வேண்டும். இரண்டையும் வைத்துக் கேமரா எங்கே நின்றது, லென்ஸ் எத்தகையது என்று கணிக்க வேண்டும். பிறகு, கணக்கில் சேர்க்காத வேறொரு புகைப்படத்தை எடுத்து, வந்த அளவுகள் அதிலும் பொருந்துகின்றனவா என்று சோதிக்க வேண்டும். பொருந்தாவிட்டால் மாதக்கணக்கான உழைப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

ஊகம், அளவீடு, தனிச் சான்றால் சோதனை, தவறினால் கைவிடல். இதற்கு ஆராய்ச்சி என்று பெயர் தர மறுப்பவர்கள் ஆராய்ச்சி என்பதற்கு வேறு என்ன பொருள் வைத்திருக்கிறார்கள் என்று சொல்ல வேண்டும்.

இரண்டாவது குற்றச்சாட்டு இதைவிடக் கூர்மையானது. அசலைச் செய்தவர்களே அவசரத்தில் கைக்கு வந்ததை ஒட்டினார்கள், அவர்கள் யோசிக்காமல் ஒட்டியதை இவர்கள் வேதம் போலப் பின்பற்றுவது அபத்தம் என்கிறார்கள். அவசரம் இருந்தது உண்மை. இன்ன இடத்தில் இன்ன டாங்கிச் சக்கரம்தான் வர வேண்டும் என்று எந்த வரைபடமும் சொல்லவில்லை என்பதும் உண்மை. அதிலிருந்து யோசிக்காமல் ஒட்டினார்கள் என்ற முடிவுக்குப் போவதுதான் பிழை.

‘ஸ்டார் வார்ஸ்’ படத்தின் முதல் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். சிறிய கலம் ஒன்று தப்பி ஓடுகிறது. அதன் பின்னால் ஸ்டார் டெஸ்ட்ராயர் திரையின் மேல்விளிம்பிலிருந்து வந்துகொண்டே இருக்கிறது, முடிவதாயில்லை. அந்தப் பிரம்மாண்டத்தின் மாடல் வெறும் 91 செ.மீ. நீளம். தப்பி ஓடும் சின்னக் கலத்தின் மாடல் அதைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. சிறியதைப் பெரிதாகவும் பெரியதைச் சிறிதாகவும் நம் கண்ணை நம்பவைத்ததில் கேமராவுக்குப் பங்கு உண்டு; மேற்பரப்புக்கும் பங்கு உண்டு. எங்கே நுணுக்கம் அடர்ந்திருக்க வேண்டும், எங்கே வெறுமையாக விட வேண்டும், ஒரு துண்டின் விளிம்பு எவ்வளவு மெல்லியதாக இருந்தால் கலம் கிலோமீட்டர் கணக்கில் தெரியும் என்பதையெல்லாம் அந்தக் கலைஞர்கள் கையாலும் கண்ணாலும் முடிவு செய்தார்கள். எழுதி வைக்கவில்லை. அந்த முடிவுகள் அந்தத் துண்டுகளின் இருப்பிடத்தில்தான் பதிந்திருக்கின்றன.

அதைப் படிக்க ஒரே வழி, அப்படியே திரும்பச் செய்து பார்ப்பது. ஏறத்தாழ ஒத்த வேறொரு துண்டை வைத்தால் போதாதா என்று கேட்பவர்கள் அதைச் செய்து பார்க்கட்டும். அசலில் அரை மில்லிமீட்டர் உயரமுள்ள பட்டை இருந்த இடத்தில் ஒன்றரை மில்லிமீட்டர் பட்டையை வைத்து, பக்கவாட்டிலிருந்து ஒரே ஒரு விளக்கைப் போட்டுப் புகைப்படம் எடுத்தால், நிழல் தடித்துப்போகும். கப்பல் பொம்மையாகிவிடும். துல்லியம் வேண்டும் என்பதற்கு இதுதான் காரணம். மூலத்தின் மீதுள்ள பக்தி அதற்குப் பிறகுதான் வருகிறது.

மூன்றாவதாக, இதெல்லாம் பழைய கதை, இனி ஸ்கேன் செய்து த்ரீ-டி பிரின்டரில் கொடுத்தால் தானே வந்துவிடும் என்கிறார்கள். அசல்தான் மியூசியத்தில் இருக்கிறதே, பிறகு எதற்குப் பிரதி என்பது இதன் இன்னொரு வடிவம். இரண்டுக்கும் ஒரே பதில்: மியூசியத்தில் இருப்பது படத்தில் வந்த கலம் அல்ல, அது படத்துக்குப் பிந்தைய பல பத்தாண்டுகளையும் சுமந்து நிற்கும் கலம்.

‘ஸ்டார் ட்ரெக்’ தொடரின் எண்டர்பிரைஸ் இதற்குத் தெளிவான சான்று. மேட் ஜெஃப்ரீஸ் வடிவமைத்து, ரிச்சர்ட் டேடின் மேற்பார்வையில் 1964-இல் செய்து முடிக்கப்பட்ட அந்த மாடல் சுமார் 3.4 மீட்டர் நீளம். 1974-இல் அது அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்கு வந்தது. அதன்பின் பல முறை பழுதுபார்த்தார்கள். 1991-ஆம் ஆண்டில் நடந்த சீரமைப்பில் தகடுகளின் கோடுகள் அழுத்தமான நிழலோடு வரையப்பட்டன. தொடரில் அப்படித் தெரிவதே இல்லை என்று கூர்ந்து பார்த்தவர்கள் உடனே சொன்னார்கள். அந்தக் காலத்தில் அதை ஸ்கேன் செய்து பிரின்ட் போட்டிருந்தால், 1966-இல் கேமரா முன் நின்ற கப்பல் கிடைத்திருக்காது. 1991-இன் பெயின்ட் வேலைதான் கிடைத்திருக்கும்.

2014-இல் மியூசியம் மறுபடி சீரமைப்பைத் தொடங்கியது. இந்த முறை எக்ஸ்-ரே எடுத்தார்கள், பூச்சுகளை அடுக்கடுக்காக ஆராய்ந்தார்கள். அத்துடன் நிற்காமல் பொதுமக்களிடம் ஒரு வேண்டுகோளும் விடுத்தார்கள்: 1976-க்கு முன்பு இந்த மாடலைப் பார்த்து யாராவது படம் எடுத்திருந்தால் கொடுங்கள். 1972-இல் கலிஃபோர்னியாவின் கோல்டன் வெஸ்ட் கல்லூரியில் அது காட்சிக்கு வைக்கப்பட்டிருந்தபோது ரசிகர்கள் எடுத்த படங்கள் இப்போது சான்று ஆவணங்கள் ஆயின. அந்தக் கப்பலை ஆண்டுக்கணக்கில் அளந்து வரைபடம் போட்டவர்கள் மியூசியத்துக்கு ஆலோசனை சொன்னார்கள். 2016-இல் மைல்ஸ்டோன்ஸ் ஆஃப் ஃப்ளைட் கூடத்தில் கலம் மீண்டும் காட்சிக்கு வந்தது. அசலைக் கையில் வைத்திருந்த நிறுவனம், அசல் எப்படி இருந்தது என்று தெரிந்துகொள்ள ரசிகர்களையும் நாட வேண்டியிருந்தது. நகல் செய்கிறவர்களின் அறிவு வெறும் பொழுதுபோக்கு என்று இதற்குப் பிறகும் எப்படிச் சொல்ல முடியும்?

அந்த எண்டர்பிரைஸுக்கு இடப்பக்கம் முழுமையாக இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். உள்விளக்குகளுக்கான வயர்கள் அந்தப் பக்கமாக வெளியே வந்தன. கேமரா வலப்பக்கத்தை மட்டுமே பார்த்தது. எதிர்த்திசையில் பறக்கும் காட்சி தேவைப்பட்டபோது எழுத்துகளைக் கண்ணாடிப் பிம்பமாக ஒட்டிப் படமெடுத்து, பிலிமைத் திருப்பிக்கொண்டார்கள். கதையில் வரும் கப்பலைச் செய்ய விரும்புகிறவர் இரு பக்கமும் நிறைவாகச் செய்யலாம், தவறில்லை. ஸ்டுடியோ மாடலைச் செய்ய எடுத்துக்கொண்டவர் இடப்பக்கத்தை வெறுமையாகவே விடுகிறார். பார்க்க அழகில்லாத அந்தப் பக்கத்தில்தான் படப்பிடிப்பு எப்படி நடந்தது என்ற செய்தி இருக்கிறது. அழகுக்காக அதை மூடிவிடாத நேர்மை, எந்த வரலாற்றாசிரியருக்கும் குறைந்ததல்ல.

ஃபால்கனும் அப்படித்தான். 1977-இல் வெளியான ‘ஸ்டார் வார்ஸ்’ படத்துக்குச் செய்த பெரிய மாடல் சுமார் ஒன்றரை மீட்டர்; அடுத்த படமான ‘தி எம்பயர் ஸ்ட்ரைக்ஸ் பேக்’ (1980) படத்துக்காக 81 செ.மீ. அளவில் இன்னொன்று செய்தார்கள். முதலில் மூன்றாக இருந்த தரையிறங்கும் கால்கள் பிறகு ஐந்தாயின. ஆக, ஃபால்கனைச் செய்கிறேன் என்று ஒருவர் சொன்னால், எந்த ஃபால்கன், எந்த ஆண்டு என்று கேட்டாக வேண்டும். இந்தக் கேள்விக்கு பிரின்டரிடம் பதில் கிடையாது. பிரின்டருக்குக் கொடுக்கும் கோப்பை உருவாக்குகிறவர் படித்திருக்க வேண்டும். அவர் படித்திருந்தால் பிரின்டர் நல்ல கருவி. இல்லையென்றால் அது பிழையை வேகமாகப் பெருக்கித் தரும் கருவி.

பிழை பெருகுவதைத் துறைக்குள்ளேயே பார்க்கலாம். ஒருவர் செய்த மாடலிலிருந்து இன்னொருவர் சிலிக்கோன் அச்சு எடுத்து, ரெசின் ஊற்றி, அதை விற்பார். அதை வாங்கியவர் அதிலிருந்தே மறுபடி அச்சு எடுப்பார். இறுகும்போது ரெசின் சற்றே சுருங்கும். இரண்டு மூன்று தலைமுறை கடந்தால் விளிம்புகள் மழுங்கி, அளவு குறைந்து, இறக்கை உடலில் பொருந்தாமல் நிற்கும். உழைத்தவரைக் கேட்காமல் அவர் உழைப்பை அச்செடுத்து விற்பது திருட்டு. நகல் என்ற வசைக்கு உரியது அந்தத் திருட்டு. அசலைத் தேடிப் போய் முதலிலிருந்து அளந்து செய்கிறவரையும் அச்சுத் திருடரையும் ஒரே சொல்லால் அழைப்பதில்தான் இந்தத் தீர்ப்பின் அநியாயம் முழுமையாகத் தெரிகிறது.

இதோடு சேர்ந்து வருவது போலி பற்றிய அச்சம். துல்லியமாகச் செய்யத் தெரிந்தவர் போலியைச் செய்து அசல் என்று விற்றுவிடுவாரே என்கிறார்கள். விற்க முடியும், எந்த அறிவையும் ஏமாற்றுக்குப் பயன்படுத்த முடியும். ஆனால் போலியைப் பிடிக்க வேண்டியதும் இதே அறிவுதான். 2023 அக்டோபரில் ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தின் எக்ஸ்-விங் மாடல் ஒன்று 31 லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனது. பல பத்தாண்டுகளாகக் காணாமல் போயிருந்த அது, 2022-இல் காலமான மாடல் கலைஞர் கிரெக் ஜெயினின் சேகரிப்பில் கிடைத்தது. டேடின் செய்த முதல் சிறிய எண்டர்பிரைஸ் எழுபதுகளின் இறுதியில் தொலைந்து, 2023-இல் இணைய விற்பனையில் தலைகாட்டி, 2024-இல் ‘ஸ்டார் ட்ரெக்’ தொடரை உருவாக்கிய ராடன்பெரியின் குடும்பத்திடம் திரும்பியது. இத்தகைய பொருள் ஒன்று பெட்டியிலிருந்து வெளிவரும்போது, இது அசல்தான் என்று எதை வைத்துச் சொல்வது? எந்தத் துண்டு எங்கே இருக்க வேண்டும், எந்தக் கீறல் எந்தப் பிரேமில் தெரிகிறது என்று அறிந்தவர்களின் அறிவை வைத்துத்தான்.

கடைசியாக, இந்த உழைப்பால் சினிமாவுக்கு ஒரு பயனும் இல்லை, இது பழைமையில் தேங்கிப்போன வேலை என்ற வாதம். நடந்தது இதற்கு நேர் எதிர். 2013-இல் ஜெர்மனியில் நடந்த ஒரு ‘ஸ்டார் வார்ஸ்’ ரசிகர் விழாவில் ஆர்2-டி2 ரோபோவின் பிரதிகளைக் காட்சிக்கு வைத்திருந்த இரண்டு ரசிகர்களைப் படத் தயாரிப்பாளர் கேத்லீன் கென்னடி சந்தித்தார். அவர்களே அந்த வரிசையில் வந்த ‘தி ஃபோர்ஸ் அவேகன்ஸ்’ (2015) படத்தின் ஆர்2-டி2வைச் செய்ய அமர்த்தப்பட்டார்கள். அதே வரிசையின் ‘ரோக் ஒன்’ (2016) படத்தின் கலங்கள் கம்ப்யூட்டரில் உருவானவை. ஆனால் 1977-இன் தோற்றம் வேண்டும் என்பதற்காக அதே பழைய பிளாஸ்டிக் கிட்டுகளின் துண்டுகளுக்கு டிஜிட்டல் வடிவம் கொடுத்து, அவற்றைக் கொண்டே மேற்பரப்பை நிரப்பினார்கள். ‘தி மேண்டலோரியன்’ (2019) தொடரில் ரேஸர் கிரெஸ்ட் என்ற கலத்துக்கு மறுபடி கையால் மினியேச்சர் செய்து, கம்ப்யூட்டர் இயக்கும் மோஷன் கன்ட்ரோல் கேமராவில் படமெடுத்தார்கள். புதிதாகச் செய்ய வந்தவர்களுக்குப் பழையது எப்படிச் செய்யப்பட்டது என்று தெரிய வேண்டியிருந்தது.

சொந்தக் கற்பனையில் கலம் வடிவமைப்பவர்கள் மீது எனக்கு மரியாதை உண்டு. அவர்கள் செய்வது ஒரு வேலை, இது வேறொரு வேலை. ஒன்றின் அளவுகோலால் மற்றொன்றை அளந்து தோற்றுவிட்டது என்று சொல்வதைத்தான் ஏற்க முடியாது. பிரதி செய்பவரின் கற்பனை, மங்கலான படத்தில் பாதி மறைந்த ஒரு துண்டின் மறுபாதியைக் காண்பதில் இருக்கிறது. சான்று எதிராக வந்தால் தன் ஊகத்தைக் கைவிட வேண்டிய கட்டுப்பாடும் அந்தக் கற்பனைக்கு உண்டு. விரும்பியபடி வடிவமைப்பவருக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை.

இதில் காலமும் ஒரு காரணி. கிராண்ட் மெக்யூன் 2010-இல் காலமானார். ரிச்சர்ட் டேடின் 2011-இல். கிரெக் ஜெயின் 2022-இல். அந்தக் கலங்களைக் கையால் தொட்டுச் செய்த தலைமுறை நம்மைவிட்டுப் போய்க்கொண்டிருக்கிறது. பழைய கிட்டுகள் பலவற்றின் உற்பத்தி நின்றுவிட்டது. அக்காலப் பிளாஸ்டிக் மஞ்சளாகிறது, பசை விட்டுப்போகிறது. ஆகவே ஸ்டுடியோக்களும் மியூசியங்களும் செய்ய வேண்டியது தெளிவானது. தங்களிடம் இருக்கும் படப்பிடிப்புப் புகைப்படங்களையும் அளவுகளையும் பிரதி செய்பவர்களுக்குத் திறந்துவிட வேண்டும். அவர்கள் அடையாளம் கண்ட துண்டுகளின் பட்டியல்களை வாங்கி, அவர்கள் பெயரோடு ஆவணக் காப்பகத்தில் சேர்க்க வேண்டும். ஒரு மாடலைச் சீரமைக்கக் கத்தியும் பிரஷும் எடுக்கும் முன் அவர்களைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். எண்டர்பிரைஸுக்கு அப்படிக் கேட்டபோது நல்ல பலன் கிடைத்தது. மற்றக் கலங்களுக்கும் கேட்பதற்கு எந்தத் தடையும் இல்லை, நகல்தானே என்ற இந்த ஒரு அலட்சியத்தைத் தவிர.